பிள்ளைத்தாச்சி வெட்டிய கவாத்து

எங்கள் மூணாவது லைன்காரர்கள் சோம்பேறிகள், அதனால்தான் வாசல் செடியைக்கூட வெட்டாமல் காடாக விட்டுவைத்திருக்கிறார்கள் என்று இரண்டாவது லைன்காரர்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்களே, அது சுத்தப் பொய். நாங்கள் வெட்டாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பிள்ளைகள். நூல் மில் கட்டிய காலத்தில், தொழிலாளிகளின் லைன் வீட்டு வரிசைக்கு ஒரு வேலியாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு மேனேஜர் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் காகிதப்பூவும் மாற்றி மாற்றி நட்டுவிட்டுப் போனார், அவை வளர்ந்து, கைகோத்து, ஒன்றின் கிளை இன்னொன்றின் இடுப்புக்குள் நுழைந்து, எது யார் வீட்டுச் செடி என்று பிரிக்க முடியாதபடி ஒரே செடியாகிவிட்டன. பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் செடிகொடியில் கத்தி வைக்கக் கூடாது, வைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு குறை விழும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. செடி ஒன்றாகிவிட்ட பிறகு லைனும் ஒரே வீடாகிவிட்டது. முதல் வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால் கடைசி வீட்டுக்காரன் அரிவாளைத் தொடக் கூடாது. எங்கள் லைனிலோ, சாமி புண்ணியத்தில், யாராவது ஒருத்தி மாசமாக இல்லாத நாளே கிடையாது.

ஒரே ஒரு தடவை இடைவெளி கிடைத்தது. அப்போதிருந்த கடைசிப் பிள்ளைத்தாச்சிக்கு ஒருநாள் காலையில் சுகப்பிரசவம் என்று செய்தி வந்ததும் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள், லைனுக்குப் பெரிய மனிதர் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்ட கோட்டைச்சாமி சூடம் ஏற்றிக் கும்பிட்டு முதல் செடியின் ஒரு பக்கத்தை வெட்டி முடித்தார், மறுபக்கம் திரும்புவதற்குள் ஐந்தாம் வீட்டு மருமகள் சாம்பார் வாசனை பிடிக்கவில்லை என்று வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அரிவாள்களைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் அவளுக்கு மாங்காய் வாங்கப் போய்விட்டார்கள். முதல் செடி மட்டும் ரொம்ப நாள் பாதி கிராப்பு வெட்டிக்கொண்டவனைப் போல நின்றது.

இப்படிப்பட்ட லைனுக்குத்தான் காளீஸ்வரி மருமகளாக வந்தாள். மில்லில் ஃபிட்டராக இருந்த சௌந்தரபாண்டிக்கு அவளைக் கட்டிவைத்தார்கள், நடு வீடு, மாமியார் பவுன்தாய். காளீஸ்வரி மல்லிகைத் தோட்டத்துக்காரி. வருசம் தவறாமல் செடியைக் கவாத்து வெட்டினால்தான் பூ, பூ வந்தால்தான் சோறு என்று வளர்ந்தவள். கல்யாணக் காரிலிருந்து இறங்கி எங்கள் வேலியைப் பார்த்ததும் மாலையும் கழுத்துமாக மூக்கில் விரலை வைத்துச் சிரித்துவிட்டாள்.

"மச்சான், இது செடியா, கூரையா?"

"வெட்டிருவோம். ஆறாம் வீட்டு அக்காவுக்குப் பிள்ளை பிறக்கட்டும்" என்றான் சௌந்தரபாண்டி.

ஆறாம் வீட்டு அக்காவுக்குப் பிள்ளை பிறப்பதற்குள் காளீஸ்வரியே மாசமாகிவிட்டாள். அவள் அம்மா இல்லாத பெண். அண்ணன் வீட்டில் அண்ணிக்கும் அதே சமயம் நிறைமாதம், ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பிரசவம் ஆகாது என்று பவுன்தாய் மருமகளைத் தன்னோடேயே வைத்துக்கொண்டாள். வளைகாப்பு ஆயிற்று, ஒன்பது மாதம் ஆயிற்று, பத்தும் ஆயிற்று. பிள்ளை பிறக்கவில்லை. பொங்கல் வந்தது, பொங்கல் போயிற்று, சித்திரைத் திருவிழாவுக்குப் போய் வந்தோம், மழை பெய்தது, மறு பொங்கலுக்குக் கரும்பு கடித்தோம். பிள்ளை உள்ளேயே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு கோளாறும் இல்லை, பிள்ளை வளர வேண்டிய அளவுக்கு வளர்ந்து அதோடு நிறுத்திக்கொண்டது, நல்லா இருக்கிறதைக் கெடுப்பானேன், வருகிறபோது வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் பகுதி நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் மாதாமாதம் வந்து குழலை வைத்துக் கேட்பார்கள், "குதிரை கணக்கா ஓடுது காளீஸு. அதுக்கு அவசரமில்லையாம்" என்பார்கள், காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

முதலில் கொஞ்ச நாள் ஆச்சரியமாகத்தான் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது, பழகின பிறகு அந்தப் பிள்ளை இல்லாமல் லைனில் ஒரு காரியம் நடக்காது என்றாகிவிட்டது. யார் வீட்டு விசேஷம் என்றாலும் காளீஸ்வரி இலையில் இரண்டு லட்டு வைப்போம். வேலைக்குப் புறப்படுகிறவர்கள் நடு வீட்டு வாசலில் நின்று "போயிட்டு வாறோம்டா" என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள், பதிலுக்கு ஒரு உதை கிடைத்தால் அன்றைக்கு மில்லில் நூல் அறுகாது என்று ஒரு நம்பிக்கை. இரண்டு வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டுக்கொண்டால் நேரே அவளிடம்தான் பஞ்சாயத்துக்கு வருவார்கள், வலப்பக்கம் உதைத்தால் இவள் சொல்வது நியாயம், இடப்பக்கம் உதைத்தால் அவள் சொல்வது நியாயம், நடுவில் உதைத்தால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியது. வருசம் திரும்பியதும் பிறந்தநாள் கொண்டாடுவதா வேண்டாமா என்று பெரிய வாதம் நடந்தது, பிறக்காத பிள்ளைக்கு என்ன பிறந்தநாள் என்றவர்களை மற்றவர்கள் கூச்சல் போட்டு அடக்கினார்கள், பேக்கரியில் கேக் வாங்கி வந்தோம், கத்தி வைக்கக் கூடாது என்பதால் ஆளுக்கு ஒரு கை பிய்த்துத் தின்றோம். வளைகாப்பை மறுபடியும் போட்டதில் வளையல் முழங்கை தாண்டிவிட்டது, காளீஸ்வரி மாவு பிசைந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

சந்தோசமாகத்தான் இருந்தோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காளீஸ்வரி பாவம். அவளுக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊர் முழுக்கத் தன் பிள்ளையோடு பேசுகிறது, தான் ஒருத்திதான் அதை ஒரு நாளும் பார்க்க முடியாமல் சுமந்துகொண்டு திரிகிறோம் என்று நினைத்து நினைத்து, யாரும் இல்லாத மத்தியான நேரங்களில் வயிற்றைத் தடவிக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பாள், இன்றைக்கு என்ன குழம்பு, அப்பா எந்த ஷிப்ட், வெளியே என்ன பூத்திருக்கிறது என்று எல்லாம் சொல்வாள், சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிள்ளை வராததற்கு யாரோ திருட்டுத்தனமாகச் செடியைக் கிள்ளியதுதான் காரணம் என்று கோட்டைச்சாமி கண்டுபிடித்துச் சொன்னார், அதோடு பூப் பறிப்பதும் நின்றது. பறிக்காத செடி இன்னும் வெறிபிடித்து வளர்ந்தது. செம்பருத்தி ஜன்னலை மூடியது, காகிதப்பூ ஓட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது, நடு வீட்டில் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் அரிசி பொறுக்க வேண்டும். பிள்ளை பிறந்தால்தான் செடியை வெட்டலாம் என்று நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் கோட்டைச்சாமியின் வெள்ளாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பின்னங்காலில் எம்பி நின்று நடு வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த செம்பருத்தியைத் தின்றது. யாரும் பார்ப்பதற்குள் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது, அந்த ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்து, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த காளீஸ்வரியின் வயிற்றில் விழுந்தது. பிள்ளை சட்டென்று திரும்பியது. அவள் எழுந்து இந்தப் பக்கம் நகர்ந்தாள், பிள்ளை அந்தப் பக்கம் நகர்ந்தது, அவள் அந்தப் பக்கம் போனாள், பிள்ளை இந்தப் பக்கம் வந்தது, வெயில் எங்கேயோ அங்கே அதுவும் முட்டிக்கொண்டு நின்றது. எஸ்தர் சிஸ்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் ஓடி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "அட கர்த்தரே, தலை இறங்கிருச்சு!" என்று கத்திவிட்டார்கள். லைன் முழுக்க வெந்நீர் கொதித்தது. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மழைக்குச் செம்பருத்தி துளிர்விட்டு ஓட்டையை மூடிக்கொண்டது, பிள்ளை பழையபடி மேலே ஏறிவிட்டது.

"அது வரப்போற வீட்ட எட்டிப் பாக்குதுத்தே. உள்ளயும் இருட்டு, வெளியயும் இருட்டுன்னா அது எதுக்கு மெனக்கெட்டு வரணும்?" என்றாள் காளீஸ்வரி மாமியாரிடம். "நாம அதுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம், அது நமக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

இதைக் கேட்ட கோட்டைச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. ஆடு மேய்ந்தால் அது வெட்டியதாகாது, ஆகையால் எல்லோரும் ஆடு கொண்டுவாருங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். வெள்ளாடும் குட்டியுமாகப் பக்கத்துத் தெருக்களில் இருந்தெல்லாம் வந்து இறங்கின, இரண்டாவது லைன்காரர்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆடுகள் செம்பருத்தியைக் கழுத்து எட்டுகிற வரைக்கும் தின்றன, நந்தியாவட்டையை முகர்ந்து பார்த்துத் தும்மின, வயிறு நிறைந்ததும் படுத்து அசைபோட்டன. ஜன்னல் இருந்ததோ அதற்கு மேலே, அன்றைக்குப்போல எம்பி நின்று தின்ன எதற்கும் மனசில்லை. ஒரு கிடாயை நாலு பேர் சேர்ந்து ஓட்டின் மேல் ஏற்றிவிட்டார்கள், அது நாலு பூவைத் தின்றுவிட்டு இறங்கத் தெரியாமல் நின்று கத்தியது, அதை இறக்குவதற்குள் அந்தச் சாயந்திரமே போய்விட்டது.

மறுநாள் காளீஸ்வரி அண்ணனுக்குப் போன் போட்டுத் தோட்டத்துக் கவாத்துக் கத்தரியைக் கொண்டுவரச் சொன்னாள். அது வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வளையல் குலுங்க, வாசலில் வந்து நின்றாள். நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம்.

"கத்தி வைக்கக் கூடாதுன்னு யாருக்குச் சொல்லி வச்சிருக்கு மாமா?" என்று கோட்டைச்சாமியைக் கேட்டாள்.

"புருசன்காரனுக்கு. அப்புறம் லைன்ல இருக்க அம்புட்டுப் பேருக்கும்."

"பிள்ளைத்தாச்சிக்கு?"

பிள்ளைத்தாச்சியே கத்தரியைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று எந்தக் காலத்திலும் யாருக்கும் தோன்றவில்லை, அதனால் அதற்கு யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

"அதுக்கு ஒண்ணும் சொல்லலையே தாயி" என்றார் கோட்டைச்சாமி பரிதாபமாக.

"அப்பச் சரி."

பவுன்தாய் குறுக்கே வந்து செடிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் கெட்டவள் இல்லை, பயந்தவள். சௌந்தரபாண்டியின் இடது காதில், மேல் மடலில், கிள்ளி எடுத்ததுபோல ஒரு வெட்டு உண்டு. அவன் வயிற்றில் இருந்தபோது அவன் அப்பா நந்தியாவட்டையில் ஒரு கொப்பை ஒடித்துவிட்டார், அதனால்தான் அது என்று பவுன்தாய் அன்றையிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள், அதற்காகச் செத்துப்போன மனுசனோடு இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு கொப்பு ஒடிச்சதுக்கே எம் பிள்ளை காதப் பாருடி. நீ அம்புட்டுச் செடியையும் வெட்டப்போறயே, எம் பேரப்பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?" என்று அழுதாள்.

"அத்தே" என்றாள் காளீஸ்வரி. "இவுக பொண்ணு பாக்க வந்தப்ப நான் தலையக் குனிஞ்சுதான் காப்பி கொண்டாந்தேன். நிமிந்து பாத்தா முதல்ல தெரிஞ்சது அந்தக் காதுதான். ஐயோ, யாரோ கடிச்ச அப்பளம் மாதிரி இருக்கேன்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சதப் பாத்து இவுகளும் சிரிச்சாக. அப்பத்தான் சரின்னு சொன்னேன். அந்தக் காது இல்லேன்னா நான் இந்த வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன். எம் பிள்ளைக்கும் அப்படி ஏதாவது இருந்தா இருந்துட்டுப் போகட்டும்த்தே. அதப் பாத்து நான் சிரிச்சுக்கிறேன். எனக்கு அது மொகத்தப் பாக்கணும்."

சௌந்தரபாண்டி வெட்கத்தில் அந்தக் காதையே பிடித்துக்கொண்டு நின்றான். பவுன்தாய் விரித்த கையைக் கீழே போட்டாள். மகன் காதைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், வீட்டுக்குள் போனாள், போய் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு வந்து செடிக்குப் பக்கத்தில் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுறப்பப் பாத்து ஏறு" என்றாள்.

காளீஸ்வரிக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். முதல் கிளையில் கத்தரியை வைத்தபோது அவள் இடது கை வயிற்றில் இருந்தது. செத்த குச்சிகளை முதலில் எடுத்தாள், செத்ததை எடுப்பதற்கு யார் என்ன சொல்ல முடியும், எடுத்துவிட்டுக் கொஞ்சம் நின்று காத்துப் பார்த்தாள், பிள்ளை நன்றாகத்தான் இருந்தது, நாங்கள் மூச்சு விட்டோம். அப்புறம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்த கிளைகளில் இளைத்ததை எடுத்தாள். அப்புறம் நடுவில் கையை விட்டு, வயசான தண்டாகப் பார்த்து, ஒன்றிரண்டை அடியோடு எடுத்தாள், எடுத்ததும் செடியின் வயிற்றுக்குள் காற்று புகுந்து அந்தப் பக்கம் போனது. ஆர்வம் தாங்காமல் ஒருவர் "அப்படியே மொட்டை அடிச்சு விட்ரு தாயி" என்று குரல் கொடுத்தார், அவள் முக்காலியில் இருந்தபடியே முறைத்தாள். மிச்சக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, வெளிப்பக்கம் பார்க்கிற கணுவாகத் தேடி, அதற்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினாள், ஒவ்வொரு வெட்டுக்கும் வளையல் சத்தம் போட்டது, ஒவ்வொரு வெட்டுக்கும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து "இருக்கயா?" என்று கேட்டாள், ஒவ்வொரு தடவையும் உள்ளிருந்து ஒரு உதை பதில் சொன்னது, எங்களில் பாதிப் பேர் அழுதுகொண்டும் பாதிப் பேர் சிரித்துக்கொண்டும் விழுந்த கிளைகளை வாரினோம். செடிக்குள் இருந்து ரப்பர் பந்துகளும், ஒற்றைச் செருப்புகளும், ஒரு பித்தளைச் சொம்பும், இரண்டாவது லைன்காரர்கள் திருடிவிட்டதாகக் கோட்டைச்சாமி சத்தியம் செய்த அவருடைய சைக்கிளும் வெளியே வந்தன. அன்றைக்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டாவது லைன்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், கோட்டைச்சாமி அதைக் காதில் வாங்காததுபோல மணியை அடித்துப் பார்த்தார்.

கடைசியாக ஜன்னலுக்கு முன்னால் இருந்த கிளை. அதை வெட்டினதும் வெயில் நேராக ஜன்னலுக்குள் போயிற்று, கட்டிலின் மேல் விழுந்தது, அரிசிப் பானையின் மேல் விழுந்தது, பல வருசமாக யாரும் நிறம் பார்க்காத சுவர் நீலம் என்று தெரிந்தது. காளீஸ்வரி முக்காலியில் நின்றபடி தன் வீட்டைப் பார்த்தாள். கத்தரி கையில் இருந்து நழுவியது.

"அத்தே. வருது."

எஸ்தர் சிஸ்டர் கூட்டத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் பவுன்தாயும் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள், ஜன்னலை மூட வேண்டாம், திரைச்சீலை பாதி போதும் என்று உள்ளேயிருந்து அவளே சத்தம் போட்டது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் வெளியே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். அப்போது ஐந்தாம் வீட்டு மருமகள், அவளுக்கு அது மூன்றாவது, எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே கிடந்த கத்தரியைக் குனிய முடியாமல் குனிந்து எடுத்தாள். "எங்க வீட்டு ஜன்னலும்தான் இருட்டாக் கெடக்கு" என்றாள். கடைசி வீட்டில் அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்த ஒருத்தி, அடுத்தது நான் என்று ஓடி வந்து வரிசை பிடித்தாள். வெட்டத் தடையில்லாதவர்கள் என்று லைனில் இருந்தது அவர்கள்தான், ஆகவே அவர்கள் வெட்டினார்கள், ஆண்கள் ஆளுக்கொரு முக்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்றைக்கும் எங்கள் லைனில் வளைகாப்பு என்றால் பூ, பழம், வளையலோடு தட்டில் ஒரு கவாத்துக் கத்தரியும் இருக்கும். அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். பவுன்தாய் காதைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், குறை தேடித் தேடிக் கிடைக்காமல் "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமே இல்ல" என்று கத்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்து எங்களுக்குச் சொன்னாள். ஆனால் பிள்ளை அழவில்லை. மூச்சு நன்றாக இருந்தது, நிறம் நன்றாக இருந்தது, கண்ணை அகலத் திறந்துகொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது, வெட்டின கிளைகளையும் அதற்கு அப்பால் ஒருவர் தோள்மேல் ஒருவர் எம்பிக்கொண்டு நின்ற எங்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. எஸ்தர் சிஸ்டர் முதுகில் தட்டினார்கள், அப்போதும் அழவில்லை, வேடிக்கை பார்ப்பதை விடவில்லை.

காளீஸ்வரி வேர்த்து வழிய எழுந்து சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையைக் கையில் வாங்கினாள்.

"அங்க என்னடி பாக்குற? இங்க பாரு" என்றாள். "இம்புட்டு நாளா ஒங்கிட்டப் பேசிக்கிட்டே இருந்தது நாந்தான்."

பிள்ளை வெயிலை விட்டுவிட்டுக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தது, பார்த்து முடித்த பிறகுதான் எல்லாப் பிள்ளைகளையும் போல வாயைத் திறந்து ஓங்கி அழுதது. அவளும் கூடச் சேர்ந்து அழுதாள், ஜன்னலுக்கு வெளியே நாங்களும்.